கையை விட்டுப் பாருங்க

மினிபஸ் கிளம்பவில்லை. பதினொன்றே முக்காலுக்குக் கிளம்ப வேண்டியது, மணி பதினொன்று ஐம்பத்தொன்று ஆகிவிட்டது, டிரைவர் பேக்கரி வாசலில் நின்று டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். கால்நடை மருத்துவர் பிரமிளா டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மருந்துப் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஸ்கூட்டி இருந்திருந்தால் இந்நேரம் பாதி வழி போயிருக்கலாம். தடுப்பூசிப் பெட்டி எடுத்துவர அதை உதவியாளர் தாராபுரத்துக்குக் கொண்டுபோயிருந்தார், கொண்டுபோகச் சொன்னதும் அவள்தான், இன்றைக்கு எல்லாமே அவள் சொன்னதுதான். போனை எடுத்துத் தெய்வாத்தாளின் எண்ணை மறுபடி அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று அதே பெண், அதே குரல், ஒன்பதாவது முறை. திரையில் 'தெய்வாத்தாள், வேலங்காட்டுப்புதூர், செவலை மாடு' என்று அவளே சேமித்து வைத்த பெயருக்குக் கீழே காலை ஏழு பத்துக்கு வந்த அழைப்பு இருந்தது. ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. இவ்வளவுதானா பேசினோம்? இரண்டு நிமிடம்கூட இல்லை. அப்போது பிரமிளா மகளுக்கு இரண்டாவது பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள், ரிப்பன் பல்லில் இருந்தது, போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். ரிப்பனைக் கடித்தபடியேதான் முதல் ஆமாவைச் சொன்னாள். டாக்டரம்மா, நம்ம செவல நேத்துப் பொழுதோட இருந்து தண்ணி குடிக்க மாட்டேங்குதுங்க, வாயில எச்சலா ஊத்துது, தொண்டையில என்னமோ சிக்குன மாதிரி கழுத்த நீட்டிக்கிட்டே நிக்குதுங்க. நேத்து என்ன போட்டீங்க? மரவள்ளிக் கெழங்குங்க. அந்த இடத்தில்தான், கிழங்கு என்ற சொல் காதில் விழுந்த அந்த இடத்திலேயேதான் அவள் மனசு கதவைச் சாத்திக்கொண்டது. கிழங்கு, தொண்டை, எச்சில். முடிந்தது. வருஷத்துக்குப் பத்து மாடு இந்தப் பக்கம் கிழங்கு சிக்கி வருகிறது. அப்ப கிழங்குதான் மாட்டியிருக்கும், யாரையாச்சும் மூக்கணாங்கயித்தப் பிடிக்கச் சொல்லுங்க, நாக்க ஒரு பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு உள்ள கையை விட்டுப் பாருங்க, தட்டுப்பட்டா மெதுவா எடுத்துருங்க, வரலேன்னா கூப்பிடுங்க. சரிங்க என்றாள் தெய்வாத்தாள். அந்தச் சரிங்கவோடு அழைப்பு முடிந்தது. அதற்கப்புறம் அவள் கூப்பிடவேயில்லை. கூப்பிடவில்லை என்றால் கிழங்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அல்லது கூப்பிட வழியில்லை என்று அர்த்தம்.

பஸ் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. கிழங்காகவே இருக்கட்டும். இருக்கலாம். எச்சில் ஒழுகினால் தொண்டை அடைப்பாக இருக்கலாம், வாய்ப்புண்ணாக இருக்கலாம், கோமாரியாக இருக்கலாம், விஷச்செடி தின்றிருக்கலாம், பட்டியலில் எத்தனையோ இருக்கிறது. ஆனால் பத்தரை மணிக்கு ஆட்டுக்கு உண்ணி மருந்து வாங்க வந்த அந்தப் பெரியவர் சும்மா இருந்திருக்கக் கூடாதா? எந்த ஊர்ங்க என்று கேட்டதற்கு வேலங்காட்டுப்புதூர் என்றார். அதோடு விட்டிருக்கலாம். எங்கூரு ஆடுகளுக்கெல்லாம் கெட்ட நேரமுங்க, ஒன்றரை மாசத்துக்கு முன்னால வெறிநாயி ஒன்னு வந்து எங்கண்ணன் ஊட்டு ஆடு ரெண்டைக் கடிச்சுப்போட்டுது, ரெண்டும் செத்துப்போச்சு, அடிக்கத் தொரத்துனோம், தெய்வாத்தா தோட்டத்துக்குள்ளாற பூந்து மறஞ்சுபோச்சுங்க என்று சாவகாசமாகச் சொன்னார், ஏதோ மழை பெய்த கதை மாதிரி. அவள் கையில் சீட்டு எழுதுகிற பேனா இருந்தது. உண்ணி மருந்தின் அளவை எழுதிக்கொண்டிருந்தவள் பாதி எழுத்தில் நின்றுவிட்டாள். எப்ப? ஒன்றரை மாசமுங்க. ஏன் அப்பவே வந்து சொல்லலை? மாட்ட ஒன்னும் கடிக்கலீங்களே. கடித்ததைப் பார்க்கவில்லை என்பதும் கடிக்கவில்லை என்பதும் ஒன்றா? கட்டுத்தறியில் கட்டிக் கிடக்கிற மாடு, இருட்டில் உள்ளே புகுந்த நாய், மூக்கிலோ காலிலோ ஒரு கவ்வு, காலையில் பார்த்தால் வேலி முள் கிழித்த மாதிரி ஒரு கீறல். யார் பார்த்தார்கள். அன்றைக்கே தெரிந்திருந்தால் மாட்டுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றியிருக்கலாம், ஐந்து ஊசி, முடிந்திருக்கும். ஒன்றரை மாசம். வெறிநோய் வெளியே தெரிய ஆகிற நாளோடு சரியாகத்தான் வருகிறது. நாள் சரியாகத்தான் வருகிறது என்று மனசு கணக்குப் பார்ப்பதை அவளால் நிறுத்த முடியவில்லை.

கேட்காமல் விட்டது நான்கு கேள்விகள். குரல் மாறியிருக்கா? பின்னங்கால் தள்ளாடுதா? முக்கிக்கிட்டே இருக்கா? நாய் ஏதாச்சும் வந்துச்சா? ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி வைத்தால் பன்னிரண்டு விநாடி. ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு என்பது இரண்டு நிமிடம் நாலாகியிருக்கும், அவ்வளவுதான். பன்னிரண்டு விநாடியில் பள்ளிக்கூட வேன் போய்விடுமா என்ன? போனால்தான் என்ன? மூன்றாம் வருஷ வகுப்பில் ஒரு பேராசிரியர் கையுறையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னது இப்போது காதுக்குள் கேட்டது, எச்சில் ஒழுகுற மாட்டைப் பார்த்தா உங்களுக்கு முதல்ல மாடு ஞாபகத்துக்கு வரக் கூடாது, உங்க கை ஞாபகத்துக்கு வரணும். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அதையே ஊர் ஊராகப் போய் முகாம் போட்டு அவளும் சொல்லியிருக்கிறாள். மருந்தகச் சுவரில் ஒட்டியிருக்கிற தாளில் நாலாவது வரி அவள் கையெழுத்து, எச்சில் ஒழுகும் மாட்டின் வாய்க்குள் வெறுங்கையை விடாதீர்கள். அதன் கீழே உட்கார்ந்துதான் தினமும் சீட்டு எழுதுகிறாள். அவள் கை என்றால் பரவாயில்லை. அவளுக்கு முன்தடுப்பு ஊசி போட்டிருக்கிறது, அட்டை இருக்கிறது, பெட்டியில் தோள் வரைக்கும் கையுறை இருக்கிறது. எல்லாம் இருக்கிற கையை வீட்டில் வைத்துக்கொண்டு ஒன்றுமில்லாத கையை உள்ளே விடச் சொல்லியிருக்கிறாள். மாட்டின் கடைவாய்ப்பல் எப்படி இருக்கும் என்று அவள் விரலுக்குத் தெரியும், ஓரமெல்லாம் உளி மாதிரி, விட்டு எடுத்தால் ஒரு கீறலாவது விழாமல் வராது. வலது கையை மடக்கிப் பிடித்துக்கொண்டாள். விரல் முட்டியில் யாரோ கீறின மாதிரி இருந்தது. ஒன்றுமில்லை, பெட்டியின் தாழ்ப்பாள்.

டாக்டரம்மா, என்று பக்கத்தில் இருந்த பெண் தோளைத் தொட்டாள். கூடையில் கத்தரிக்காய், மூக்கில் ஒற்றைக்கல், தெரிந்த முகம், பெயர் தெரியவில்லை. எங்க கோழியெல்லாம் வெள்ளையாக் கழியுதுங்க, ரெண்டு செத்துப்போச்சு, என்னங்க குடுக்கலாம்? வேறு நாளாக இருந்தால் பதில் தானாக வந்திருக்கும், கேள்வி முடிவதற்குள் வந்திருக்கும். இன்றைக்கு வரவில்லை. வெள்ளைக் கழிச்சல் என்று எல்லாவற்றையும்தான் சொல்கிறார்கள், எத்தனை நாள் கோழி, கழுத்து திருகுதா, தடுப்பு மருந்து விட்டதா, தீவனம் மாற்றியதா, கேட்க வேண்டியது இவ்வளவு இருக்க, எத்தனை பேருக்கு எதுவும் கேட்காமலேயே சொல்லியிருக்கிறோம்? வயிறு உப்பின மாட்டுக்கு எண்ணெய் ஊற்றுங்க என்று போனில் சொன்னாளே மாசிமாதம், தலையை ரொம்பத் தூக்காமல் ஊற்றச் சொன்னாளா, சொல்லவில்லையா? தூக்கி ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். பூனைக்குக் காய்ச்சல் என்று ஒரு பையன் கேட்டான், மனுஷ மாத்திரை கொடுக்காதே என்று சொன்னாளா? பூனைக்கு அது விஷம், சாக அரை மாத்திரை போதும். அவன் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிடாதவர்கள் எல்லாம் பிழைத்துக்கொண்டவர்கள் என்றுதானே ஐந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு ஒரு கோழியை எடுத்துக்கிட்டு வாங்கம்மா, பார்த்துட்டுச் சொல்றேன் என்றாள். அந்தப் பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை, மருந்துப் பேர் சொன்னா வாங்கிக்குவேன் என்ற மாதிரி முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே முருங்கைக் காடு, காற்றாலைகள், ஒன்று சுற்றியது, ஒன்று நின்றிருந்தது. வெயில் தகரத்தைச் சுட்டுத் தலைக்கு மேல் உட்கார்ந்திருந்தது. தாகமாக இருந்தது. பாட்டிலைத் திறந்தாள், வாயருகே கொண்டுபோனாள், தண்ணீர் தளும்பியதைப் பார்த்ததும் சின்ன வயசில் மாயவரத்தில் அவர்கள் தெரு முனையில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். முப்பது வருஷம் ஆகப்போகிறது, எங்கே இருந்தார் இத்தனை நாள்? நாய்க்குட்டி விளையாட்டாகக் கடித்தது என்றார், கணுக்காலில் கயிறு மந்திரித்துக் கட்டிக்கொண்டு அதே வண்டியில் நின்று துணி தேய்த்தார். மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவர் மனைவி அவரைத் தண்ணீர் குடிக்க வைக்கப் பார்த்ததை ஆறு வயசுப் பிரமிளா திண்ணைக் கம்பி வழியாகப் பார்த்தாள். டம்ளர் உதட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் கழுத்து வெட்டி வெட்டி இழுத்தது. அவருக்குக் குடிக்க ஆசை, அதுதான் பயங்கரம், குடிக்க அத்தனை ஆசை. அம்மா வந்து கண்ணைப் பொத்தி உள்ளே இழுத்துப் போனாள். பிரமிளா பாட்டிலை மூடினாள். இல்லை, அது அந்தக் காலம். இப்போது ஊசி இருக்கிறது, சரியான நேரத்தில் போட்டால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது, அறிகுறி வருவதற்கு முன்னால் போட்டால் போதும், ஐந்து மணி நேரம் என்பது ஒன்றுமே இல்லை. கழுவ வேண்டும், ஊசி போட வேண்டும், அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. தெரிந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. தெரியாதவர்கள் மஞ்சளைத் தடவித் துணியைச் சுற்றிக்கொண்டு மத்தியானச் சோற்றை வடிக்கப் போய்விடுவார்கள். அவள் தேடி வரவில்லை என்றால் தெய்வாத்தாளுக்கு எப்படித் தெரியும்? மாடு நாலைந்து நாளில் செத்துப்போகும், கிழங்கு சிக்கிச் செத்தது என்று புதைத்துவிடுவார்கள். விரலில் கீறல் ஆறிவிடும். மூன்று மாதம் கழித்து ஒரு நாள். நினைக்காதே.

ஏன் பால் சொசைட்டிக்குப் போன் பண்ணவில்லை? இந்தக் கேள்வி பத்தரை மணியிலிருந்து ஒரு ஓரத்தில் நின்றுகொண்டேதான் இருந்தது, அவள்தான் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தாள். வேலங்காட்டுப்புதூர் பால் சொசைட்டிச் செயலாளர் வேலுச்சாமியின் எண் போனில் இருக்கிறது. யாரையாவது ஓடிப்போய்ச் சொல்லச் சொன்னால் தீர்ந்தது. ஆனால் அவர் என்ன விசயமுங்க என்று கேட்பார். வெறிநோய் என்று சொன்னால், டாக்டருக்கு எப்படித் தெரிஞ்சுது, காலையில போன் பண்ணினாங்களா, அப்ப என்ன சொன்னீங்க, ஒன்றின் பின் ஒன்றாக வந்து அந்த இடத்தில் நிற்கும். சாயங்காலம் பால் ஊற்ற வருகிற எழுபது பேருக்கும் தெரிந்துவிடும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்ப்பக்கம் முதலில் வந்தபோது, பொம்பளப் புள்ள மாட்டுக்கு என்னத்தப் பாக்கும் என்றார்கள், முகத்துக்கு நேரேயே. அதை மாற்றியது இதே செவலை மாடுதான். மூன்று வருஷத்துக்கு முன் அது ஈனும்போது கன்று உள்ளே கழுத்தை மடித்துக்கொண்டு நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் தோள் வரை கையை விட்டுத் திருப்பி எடுத்தாள். கன்று மூச்சு விட்டதும் தெய்வாத்தாள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், ரத்தமும் கோழையுமாக இருந்த கையை. அப்புறம் ஊரெல்லாம் அவளே சொல்லிவிட்டாள், அந்தம்மா கைய உட்டா எமங்கிட்ட இருந்துகூடப் புடுங்கிட்டு வந்துரும். அதனால்தான் காலையில் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் சரிங்க என்றாள். கேட்டிருக்கலாம். கேட்க மாட்டாள். இதற்குப் பயந்தா போன் பண்ணாமல் உட்கார்ந்திருக்கிறோம்? ஊர் என்ன சொல்லும் என்றா? ஒன்றரை மணி நேரமாக? பத்தரைக்கே பண்ணியிருந்தால், மாட்டுக்குப் பக்கத்தில் போகாதீங்க என்று பத்தரைக்கே தெரிந்திருந்தால், இந்த ஒன்றரை மணி நேரத்தில் தெய்வாத்தாள் மறுபடி ஒரு தடவை கையை விட்டுப் பார்த்திருந்தால்? வரலேன்னா கூப்பிடுங்க என்றாள், கூப்பிட முடியாதவள் என்ன செய்வாள், மறுபடிதான் பார்ப்பாள். கட்டைவிரல் வேலுச்சாமியின் பெயர் மேல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு அழுத்தினாள்.

"வேலுச்சாமி அண்ணா, டாக்டர் பேசறேன்" என்றாள். பஸ் இரைச்சலில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "தெய்வாத்தாள் அம்மா மாட்டுக்கு வெறிநோய் இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு. யாரும் மாட்டுக்கிட்டப் போக வேண்டாம், வாயில கை வைக்க வேண்டாம்னு உடனே சொல்லணும்."

"அய்யோ, நான் தீவனம் ஏத்தறதுக்கு மூலனூர் வந்துட்டனுங்களே. அங்க ஒம்பது மணியில இருந்து கரண்டு இல்லீங்க, டவரும் படுத்துருச்சு, ஒருத்தருக்கும் போன் போகாதுங்க." உடனே அடுத்த கேள்வி வந்தது. "வாயிலயா? வாயில ஏனுங்க டாக்டரம்மா கை வெக்கப்போறாங்க?"

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தியிருந்தார். கத்தரிக்காய்க் கூடைப் பெண் திரும்பியிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிடலாம், சிக்னல் இல்லை என்று அவரே நினைத்துக்கொள்வார். வேறு மாதிரியும் சொல்லலாம், கிழங்கு சிக்கியிருக்கோன்னு அவங்களா பாத்திருந்தா என்று சொல்லலாம், அதில் பொய்கூட இருக்காது, ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டால் போதும். அந்த ஒரு சொல் வாய்க்குள் எவ்வளவு பெரிதாக இருந்தது.

"காலையில நான்தான் விடச் சொன்னேன்" என்றாள்.

எதிர்முனையில் மூட்டை விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல், "செரிங்க. பாதி ஏத்துனது போதும், வண்டிய எடுக்கறன். அரை மணி நேரத்துல அங்க இருப்பனுங்க. ஆசுபத்திரிக்கு நம்ம வண்டியிலயே கூட்டிட்டுப் போயிரலாம்."

முதுகில் எத்தனை கண்கள் என்று அவள் எண்ணவில்லை, தெரிந்தது. கண்டக்டர் முன்னால் வந்து டிரைவரிடம் குனிந்து, காலனிக்குள்ளே போகாம நேராப் போயிரலாமாண்ணா என்று மெதுவாகக் கேட்டார். காலனிக்குள் போய் வந்தால் பத்து நிமிஷம். எறங்கற ஆளு இருக்குதப்பா என்றார் டிரைவர். "நாந்தான் எறங்கோணும்" என்றாள் கூடைக்காரப் பெண், "கைகாட்டியிலயே எறக்கி உடுங்க, நடந்துக்கறேன்." காலனிக்குப் பாதை பிரிகிற அந்தக் கைகாட்டியில் அவள் கூடையைத் தலைக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போது பிரமிளாவை ஒரு பார்வை பார்த்தாள். அது கோபமா பரிதாபமா என்று பிரமிளாவுக்குத் தெரியவில்லை. வெயிலில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்கப் போகிறாள். பஸ் எடுத்தது. இதற்கப்புறம் நினைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றியது, ஆனாலும் மனசு நினைத்துக்கொண்டேதான் இருந்தது. ஒருவேளை கையை விட்டே பார்க்கவில்லையோ? பயந்திருக்கலாம், மாடு விட்டிருக்காது, தலையை உதறியிருக்கும். கணவர் நாச்சிமுத்து மில்லுக்குப் போன பிறகு பிடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று விட்டிருக்கலாம். கிழங்கு தானாக உள்ளே இறங்கி மாடு தண்ணீர் குடித்து அசைபோட்டுக்கொண்டு நிற்கலாம். வந்த விசயத்தைச் சொல்லாமல் சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிக் காபி குடித்துவிட்டுத் திரும்பலாம். காபியின் மணம்கூட வந்தது. எவ்வளவு சீக்கிரம் ஒரு பொய் வீடு கட்டிக் குடியேறிவிடுகிறது.

பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிப் பாதையில் இருபது அடி வைப்பதற்குள் அந்தச் சத்தம் கேட்டது. மாடு கத்துகிற சத்தம்தான், ஆனால் அடியில் கிழிந்திருந்தது, ஓட்டை விழுந்த தகரக் குழலை ஊதுகிற மாதிரி, முடிக்க முடியாமல் காற்றாகப் போய், மறுபடி தொடங்கி. பயிற்சிக் காலத்தில் ஒரே ஒரு எருமையிடம் கேட்டிருக்கிறாள். ஒரு தடவை கேட்டால் மறக்காது. கால் தானாக ஓடியது, பெட்டி தொடையில் இடித்தது. கிழங்கில்லை, கிழங்கில்லை, ஒவ்வொரு அடிக்கும் அதுவே.

தெய்வாத்தாள் வாசலில் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயசிருக்கும், ஒல்லி, வலது கையில் மஞ்சள் ஊறின வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. பிரமிளாவைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தாள். "வாங்க டாக்டரம்மா. போனே போகலீங்க, எப்படி வரச்சொல்றதுன்னு நெனச்சுட்டே இருந்தேன், நீங்களே வந்துட்டீங்க. நீங்க சொன்னாப்ல கைய உட்டுப் பாத்தனுங்க. ரெண்டு தரம் பாத்தேன். ஒன்னும் சிக்கலீங்க."

நீங்க சொன்னாப்ல. பிரமிளா அந்தக் கையைப் பிடித்துத் துணியை அவிழ்த்தாள். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் முட்டிக்கு மேலே இரண்டு நீளக் கீறல், மஞ்சள் அப்பி ஓரம் வெளுத்திருந்தது. மாடு வேப்பமரத்தடியில் பின்னங்காலை அகட்டி நின்றது, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து திரும்பியது, வாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரி தரைவரை தொங்கியது. கிட்டப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. "முதல்ல கையைக் கழுவணும், வாங்க" என்றாள். மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தாள். கரண்ட் இல்லாததால் தொட்டியில் இருந்த மிச்சம்தான், விரல் தடிமனுக்கு விழுந்தது. கையுறை போட்டுக்கொண்டு துணிசோப்பைத் தேய்த்தாள். மஞ்சள் கரைந்து போனது. போனில் நேரம் பார்த்தாள், பன்னிரண்டு முப்பத்தாறு. பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். கேட்டால் சொல்லலாம், கேட்கட்டும், கேட்காவிட்டால் கழுவி முடித்த பிறகு சொல்லலாம், ஆஸ்பத்திரியில் சொல்லலாம், அங்கே டாக்டர் சொல்வார். எத்தனை வாசல் வைக்கிறது மனசு. தண்ணீர் இரண்டு பேர் கையிலும் ஓடியது. நான்காவது நிமிஷம் தெய்வாத்தாள் சிரித்துக்கொண்டே கேட்டாள், "எதுக்குங்க இத்தன நேரம்? அழுக்கெல்லாம் அப்பவே போயிருச்சே."

"இது தொண்டையில சிக்கினது இல்லீங்க. வெறிநாய் கடிச்சு வர்ற நோய். எச்சில்ல இருக்கும், கீறல் வழியா நமக்கும் வரும். நான் காலையில உங்ககிட்ட நாலு கேள்வி கேட்டிருக்கணும். கேட்கலை. கையை விடச் சொன்னது தப்பு. என் தப்பு."

சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, போக வழி தெரியாமல். "எனக்கு வந்துருச்சுங்களா?"

"இல்ல. இன்னைக்கே ஊசி போட்டா வராது. நிச்சயமா வராது. வேலுச்சாமி அண்ணா வண்டி எடுத்துக்கிட்டு வர்றாரு, நானும் கூட வர்றேன்."

"செவலைக்கு?"

"அதுக்கு மருந்து இல்லீங்க."

தெய்வாத்தாள் கையை உருவிக்கொண்டாள். சொட்டச் சொட்டக் கையைத் தொங்கவிட்டபடி மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாடு மறுபடி கத்தியது, பாதியில் அறுந்தது. அவளை அறியாமலேயே, இரு சாமி, இதா வர்றேன் என்று சொல்லிக்கொண்டு அவள் கால் அந்தப் பக்கம் கிளம்பியது. பிரமிளா குறுக்கே போய் இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தினாள். அத்தனை ஒல்லி உடம்புக்குள் அத்தனை வலு இருந்தது. முதலில் தள்ளியது, பிறகு நின்றது. "டாக்டரம்மா" என்றாள், அழுகை வராத குரலில், "காலைல உங்களுக்கு அவசரமா இருந்திருந்தா, அப்பறமாக் கூப்புடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க. நான் காத்திருப்பனே."

ரிப்பன், பின்னல், வேன், அடுப்பில் தீயும் தோசை, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகத் தொண்டை வரை வந்து வரிசையில் நின்றன. ஒன்றைக்கூட வெளியே விட முடியவில்லை. "ஆமா" என்றாள் பிரமிளா. "சொல்லியிருக்கணும்."

தெய்வாத்தாள் அவளைப் பார்க்காமல் குழாய்க்குத் திரும்பிப் போனாள். தானே கையை நீட்டினாள், பிரமிளாவின் கையில் கொடுக்கவில்லை. சோப்பையும் தானே வாங்கிக்கொண்டாள். பதினொரு நிமிஷம் மிச்சம். பிரமிளா சும்மா நின்று நேரம் பார்த்தாள், சும்மா நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். மூக்கணாங்கயிற்றைப் பிடித்தது யார்? நாச்சிமுத்துதான், எச்சில் முகத்தில் தெறித்ததாம், மூன்று மணிக்கு மில்லிலிருந்து வருவாராம். அவருக்கும் ஊசி போடணும், மில்லுக்கே போய்ச் சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போகலாம். கன்று? கன்று தனியாகத்தான் கட்டியிருக்கு, ஆனா நேத்து தாய்க்கிட்டப் பால் ஊட்டுச்சுங்க. பச்சைப் பால் யாராச்சும் குடிச்சீங்களா? இல்லீங்க, காச்சித்தானுங்க. அந்த நாயை நீங்க பார்த்தீங்களா? பதில் வர நேரமானது. காத்திருந்தாள். "பாத்தனுங்க" என்றாள் தெய்வாத்தாள் தண்ணீரைப் பார்த்தபடி, "கட்டுத்தறிப் பக்கந்தான் ஓடுச்சு. செவல மூக்குல ஒரு காயம் இருந்துது. கம்பி கிழிச்சுதுன்னு நெனச்சேன். உங்ககிட்ட சொல்லோணும்னு தோணலீங்க." அந்தச் சொல்லைக் கேட்டதும் பிரமிளாவின் உள்ளே ஏதோ ஒன்று சட்டென்று தலை தூக்கியது, பார்த்தாயா, அவளும்தான் சொல்லவில்லை, பாதி அவள் தப்பு. அது தலை தூக்கிய வேகத்தைப் பார்த்து அவளுக்கே கூசியது. கேட்டால்தானே சொல்வார்கள். கேட்பதற்குத்தானே அவளை இங்கே போட்டிருக்கிறார்கள்.

வேலுச்சாமியின் வண்டி வந்தபோது பதினான்காவது நிமிஷம். கூட வந்திருந்த சுமை ஏற்றும் ஆளிடம் மாட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், கன்றை எங்கே கட்ட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று பிரமிளா சொன்னாள். சொல்லிவிட்டு அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். தெய்வாத்தாள் முன்சீட்டில் ஏறினாள். பிரமிளா பின்னால் தீவன மூட்டைகளுக்கு நடுவே ஏறப் போனாள். தெய்வாத்தாள் அவள் முகத்தைப் பாராமலே நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள். வண்டி தார் ரோட்டுக்கு ஏறியது. ஈரக் கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு தெய்வாத்தாள் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று பிரமிளா மனசுக்குள் தேதிகளைச் சொல்லிப் பார்த்தாள், எல்லாவற்றுக்கும் கூட வர வேண்டும், வர வேண்டாம் என்று சொன்னாலும் வர வேண்டும்.

"செவல எத்தன நாளைக்குங்க தாங்கும்?" என்று தெய்வாத்தாள் கேட்டாள்.

நாலஞ்சு நாள் என்று நாக்கு நுனியில் வந்துவிட்டது. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. பிரமிளா அதை அங்கேயே நிறுத்தினாள். நேற்று எத்தனை மணிக்குத் தண்ணீர் குடிப்பதை விட்டது, அதற்கு முந்தைய நாள் எப்படி இருந்தது, எதுவும் அவளுக்குத் தெரியாது. "எனக்குச் சரியாத் தெரியலீங்க" என்றாள். "உங்களுக்கு ஊசி போட்டுட்டு, சாயங்காலம் திரும்பி வந்து பக்கத்துல இருந்து பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன்."

தெய்வாத்தாள் மல்லாத்தி வைத்திருந்த கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"செரிங்க" என்றாள். "பாத்துட்டே சொல்லுங்க."